ஏட்டுப் பெட்டிகளைத் திறவுங்கள்!

(திருகோணமலையில் ஆசிரியர்களும் உழவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழக நூல்நிலையத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "வயலில் நிற்கும் எமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று உங்களுட் சிலர் உள்ளத்துள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

பிரெடரிக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் மலைக்கு ஏறாதவர் இவ்வவையில் இரார். அவ்வாயிற் கல்லில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். கல்லாயிருந்தமையால் அவ்வெழுத்துத் தப்பிற்று. நிலாவெளியிற் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டோ, மலைமேற் கோயிலுக்கு நிலம் வழங்கிய செய்தியை இன்றும் சொல்லி நிற்கின்றது. கல்லில் எழுதியவை இருக்கின்றன. ஓலையில் எழுதியவை எங்கே? காகிதத்தில் எழுதியவை எங்கே?

தி. த. கனகசுந்தரம்பிள்ளை, தி. த. சரவணமுத்துப்பிள்ளை என்னும் உடன்பிறந்தார் இருவரும் இம்மண்ணிற் பிறந்து, சென்னையிலே தமிழ்ப்பணி புரிந்து புகழ் பெற்றவர்கள். இளையவர் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மோகனாங்கி'யைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என ஆராய்ச்சியாளர் போற்றுவர். அந்த முதற் பதிப்பை அவர் பிறந்த மாவட்டத்து மாணவன் ஒருவன் கண்ணாற் காண விரும்பினால், நம்மில் எவர் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுப்போம்?

நாம் இழந்தவை கொஞ்சமல்ல. 1964 டிசம்பரில் சூறாவளி கூரைகளைப் பறித்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் ஊர்களையே இடம்பெயர்த்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோரத்தைக் கழுவிச் சென்றது. ஓடியவர் குழந்தையைத் தூக்கினர். ஏட்டைத் தூக்க எவருக்குக் கை மிஞ்சியது? இவையெல்லாவற்றுக்கும் தப்பியவற்றையும் கறையானும் இராமபாணப் பூச்சியும் உப்புக்காற்றும் நாளும் அரித்துக்கொண்டிருக்கின்றன.

திருகோணமலையிலே தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டுமென்று அறுபதுகளில் எழுந்த குரலை முதியோர் மறந்திரார். 1974இல் யாழ்ப்பாணத்திலே வளாகம் தோன்றியது. நமக்குப் பின்னர் வாய்த்தது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். அது கோணேசபுரியிலே நிற்கின்றது. கட்டடத்தைப் பெற்றுவிட்டோம் என்று கைகட்டி இருக்கலாமா? கட்டடம் அரசாங்கத்தின் பணத்தால் வரும்; அச்சிட்ட நூல்கள் கடையிலிருந்து வரும். ஒரு மாவட்டத்தின் நினைவு அம்மாவட்டத்து வீடுகளிலிருந்தன்றி வேறெங்கிருந்தும் வாராது.

அவ்வளாகத்திலே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. வைத்தியப் பரம்பரையினர் வீடுகளிலே வாகடச் சுவடிகள் பரணில் கிடக்கின்றன. படிப்பவன் ஓரிடம், படிக்கவேண்டியது வேறிடம்! உழவர்களே, மாட்டு வாகட ஏடும், காணி உறுதியும், வட்டவிதானைமார் எழுதிவைத்த நீர்ப்பங்கீட்டுக் குறிப்பும் பழங்குப்பை அல்ல. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து உயிர்களைக் குடித்ததே! குளத்தின் பழைய கதையை அறிவது புலவர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கா? கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் சகோதரர் இல்லங்களில் உள்ள அரபுத் தமிழ் ஏடுகளும், சிங்கள உழவரின் பத்திரங்களும், மீனவரின் கணக்குப் புத்தகங்களும் அதே பேழையில் இடம் பெறவேண்டும். மாவட்டம் அனைவர்க்கும் உரியது. அதன் நினைவும் அவ்வாறே.

"கொடுத்தால் திரும்பி வருமா?" என்று கேட்கிறீர்கள். இது பேராசைக் கேள்வியன்று, பட்டறிந்தோர் கேள்வி. ஆகவே நூல்நிலையத்தாரிடம் நாம் மூன்று கேட்போம். பெற்றதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். விட்டுக்கொடுக்க விரும்பாதவரின் ஏட்டைப் படம் பிடித்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தரவேண்டும். காட்சிக்கு வைக்கும்போது, விரும்பினால் கொடுத்தவர் பெயரும் ஊரும் அருகே எழுதப்படவேண்டும். இம்மூன்றும் இருந்தால் நம்பிக்கை தானே வளரும்.

காட்சிப் பேழை அலங்காரத்துக்கு அன்று. ஓலையையும் காகிதத்தையும் வெயிலும் கடும் விளக்கொளியும் கெடுக்கும்; ஆதலால் மங்கிய ஒளியில் வைத்து, சில திங்களுக்கொருமுறை மாற்றிவைத்தல் முறை. பேழையைக் காணும் கிழவி, "இதைப்போல் ஒன்று எங்கள் வீட்டிலும் உண்டு" என்று சொல்வாளானால், அன்றே அப்பேழை தன் கடனைச் செய்துவிட்டது. ஒரு காட்சி அடுத்த சேகரிப்புக்கு வித்து.

ஒரே இடத்திற் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றோடு மாண்டன. ஒவ்வொன்றுக்கும் படியெடுத்து வேறு வேறு இடங்களில் வைப்பதே அந்நெருப்பு நமக்குக் கற்பித்த பாடம். 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களை மின்படியாக்கி உலகத்தார்க்கு அளித்துவருவது அப்பாடத்தை உணர்ந்த பணியேயாகும்.

தனியொருவரால் என்னாகும் என்று தளரவேண்டா. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா, பழந்தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் ஆயுள் முழுதும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுதியை விலைகொடுத்து வாங்கி, கடல்கடத்தாமல், சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. பட்டம் பெற்ற பேராசிரியரல்லர். தூரிகை பிடித்த தொழிலாளி! அவர் கை செய்ததை நம் கைகள் செய்யமாட்டாவா?

ஆசிரியர்களே, உங்கள் பாடசாலையின் பழைய மலர்களைத் தேடுங்கள். சட்டத்தரணிகளே, பழைய உறுதிகளின் படிகளை, உரியவர் இசைவு பெற்று அளியுங்கள். வைத்தியர்களே, சுவடிகளை வாசிக்க மாணவர்க்கு வழிகாட்டுங்கள். உழவர்களே, இவ்வாரம் வேலை ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதிலே பரணிலுள்ள தகரப் பெட்டியை இறக்குங்கள். உள்ளே இருப்பதை எரிக்காதீர்கள், எடைக்கு விற்காதீர்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

கோட்டை வாயிற் கல்லைக் காத்தது அதன் வலிமை. ஓலைக்கு அவ்வலிமை இல்லை. அதற்கு நம்மைத் தவிர வேறு காவல் இல்லை.