கைப்பேசியில் வரும் கல்வி



நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரேயொரு நபிமொழிக்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாத காலம் பயணித்து, ஷாம் தேசத்திலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வாசலில் போய் நின்றார்கள். கவனியுங்கள்: அந்த நபிமொழி அவர்களுக்கு ஏற்கனவே வந்து சேர்ந்திருந்தது. நபி (ஸல்) அவர்களிடம் நேரில் கேட்டவரின் வாயாலேயே கேட்க வேண்டும் என்பதற்காகவே அப்பயணம்.

இன்று ஹதீஸ் நூல்கள் நம் சட்டைப் பையில் இருக்கின்றன. அடுப்படியில் நிற்கும் தாய்மார்களும் வளைகுடாவில் உழைக்கும் பிள்ளைகளும் கைப்பேசி வழியே தஜ்வீத் கற்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்! மத்ரஸாவில் ஏழாண்டு ஓதிய நானும் ஒரு ஹதீஸின் தரத்தைத் தேட அதைத்தான் திறக்கிறேன்.

ஆயினும் சென்ற ரமளானில் 'நபிமொழி' என்று வந்த ஒரு செய்தியைச் சரிபார்க்காமல் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் நானே பகிர்ந்துவிட்டேன். அது இட்டுக்கட்டப்பட்டது என மறுநாள் தெரிந்தது. அழித்தேன், அதற்குள் எத்தனை வீடுகளுக்குப் போயிற்றோ, அல்லாஹ்வே அறிந்தவன். எனவே எந்த நூல், அறிவித்தவர் யார் என்று பாராமல் எதையும் பிறருக்கு அனுப்பாதீர்கள். தெரியாவிட்டால் ஆலிம்களிடம் கேளுங்கள்.

ஜும்ஆவில் மிம்பரில் நின்று என் தவறை ஒப்புக்கொண்டேன். தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர், அதைத் தம் பேத்திக்கு மனனம் செய்வித்துவிட்டதாகச் சொன்னார். அவர் வீட்டுக்குச் சென்று அக்குழந்தைக்கு ஸஹீஹான ஒரு ஹதீஸைக் கற்றுக்கொடுத்தேன். பழையதை மறக்க அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது.