வாசித்தால் போதாது, உள்ளங்கையில் எண்ணிக் காட்ட வேண்டும்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில், ஆரையம்பதி மாலைநேர ஆங்கில வகுப்பு ஆசிரியர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் மட்டக்களப்புப் பக்கம் இருந்து வருகிறோம். காத்தான்குடியைத் தாண்டிக் கல்முனை வீதியில் போனால் எங்கள் ஆரையம்பதி. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். அங்கே பின்னேரத்தில் ஓர் ஆங்கில வகுப்பு நடத்துகிறோம். படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளும் வீட்டுப் பெண்களும்தான். அந்த வகுப்பில் நாங்கள் விட்ட பிழையையும், அதிலிருந்து படித்த பாடத்தையும் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம். வாவிக்கரையில் நடந்தது மலையிலும் நடக்கலாம். மருந்துப் பக்கெட்டில் இருக்கும் ஆங்கிலம் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே.

எங்கள் வகுப்பில் ஒரு நாள், வீட்டில் இருக்கும் மருந்துப் பக்கெட்டுகளைக் கொண்டுவரச் சொன்னோம். பாடப் புத்தகத்தில் லண்டன் பாலமும் பனிமழையும் வருகின்றன; அவை எங்களுக்கு என்னத்துக்கு? அன்றாடம் கையில் வரும் ஆங்கிலத்தைப் படிப்போம் என்று நினைத்தோம். ஒரு தங்கச்சி எழுந்து, "டேக் டூ டாப்லெட்ஸ் ட்வைஸ் டெய்லி" என்று தடங்கல் இல்லாமல் வாசித்தா. எல்லோரும் கை தட்டினோம். பிறகு, "சரி, ஒரு நாளைக்கு உரிய குளிசையை எண்ணி உள்ளங்கையில் வையுங்க பார்ப்போம்" என்றோம். அவ இரண்டு குளிசையை வைத்தா. இரண்டு குளிசை, இரண்டு முறை என்றால் நாலு அல்லவா வரவேண்டும்? வகுப்பில் பாதிப் பேர் அதே பிழையை விட்டார்கள்.

அன்றைக்கே நாங்கள் விழித்திருக்க வேண்டும். "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிட்டோம்.

சில கிழமைக்குப் பிறகு, வகுப்புக்கு வரும் இன்னொரு பிள்ளையின் அம்மம்மாவுக்கு வாய் முழுக்கப் புண். தண்ணீர் கூட விழுங்க ஏலாது. மூட்டு வாதத்துக்கு மருந்து எடுக்கிறவ. பக்கெட்டைப் பார்த்தால் மெத்தோட்ரெக்ஸேட் என்ற குளிசை. அதில் "வன்ஸ் வீக்லி", அதாவது கிழமைக்கு ஒரு முறை, என்று எழுதியிருக்கிறது. அவ அதை ஒவ்வொரு நாளும் விழுங்கியிருக்கிறா. கேட்டதற்கு, "எல்லாக் குளிசையும் போலத்தானே மனே, விடிய ஒண்டு எண்டு நினைச்சன்" என்றா.

அந்தப் பக்கெட்டை வீட்டில் வாசித்துச் சொன்னது எங்கள் மாணவிதான். "வன்ஸ் என்றால் ஒரு முறை" என்று நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்தோம். அது அவவுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. மற்றப் பக்கெட் எல்லாவற்றிலும் "டெய்லி" என்று பார்த்துப் பழகிய கண், "வீக்லி"யைக் கவனிக்கவில்லை. கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கவேண்டிய இந்த மருந்தை நாளாந்தம் எடுத்தால் இரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து வரும். நல்ல காலம், நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் அம்மம்மா பிழைத்தா. அந்தப் பிள்ளை மீது நாங்கள் குற்றம் சொல்லவில்லை. சொல்லைப் படிப்பித்து, கணக்கைப் படிப்பிக்காமல் விட்டவர்கள் நாங்கள்தான்.

இது படிப்பு குறைந்த ஊர்க்காரருக்கு மட்டும் வரும் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வைக் கேளுங்கள். அமெரிக்காவில் மூன்று மாநிலங்களில், ஆங்கிலம் பேசுகிற 395 நோயாளிகளிடம் மருந்துப் போத்தல்களைக் காட்டி விளக்கம் கேட்டார்கள். எழுத்தறிவு குறைந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் "இரண்டு குளிசை, நாளுக்கு இரண்டு முறை" என்பதைச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை குளிசை என்று எண்ணிக் காட்டச் சொன்னபோது, நூற்றுக்கு 35 பேர்தான் சரியாகக் காட்டினார்கள். ஆங்கிலமே பேசுகிறவர்களுக்கு இந்த நிலை என்றால், படிக்கத் தொடங்கியிருக்கும் நாங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்? அங்கே குடியேறிய ஸ்பானிய மொழிக்காரருக்கு இன்னொரு கண்டம். ஆங்கிலத்தில் "வன்ஸ்" என்று எழுதும் அதே எழுத்துகள் அவர்களின் மொழியில் பதினொன்றைக் குறிக்கும்!

ஆகவே இப்போது எங்கள் வகுப்பில் ஒரே சட்டம்: வாய் வாசித்ததைக் கை காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை, எந்த நேரத்துக்கு எத்தனை, எத்தனை நாளைக்கு என்று எண்ணி வைத்துக் காட்டினால்தான் பாடம் முடிந்தது.

டாக்டர் எழுதும் துண்டு

டாக்டர் எழுதும் துண்டில் இருப்பது பாதி ஆங்கிலமே அல்ல, லத்தீன் என்ற பழைய மொழியின் சுருக்கங்கள். ஆங்கிலம் நன்றாகப் படித்தவரும் அதில் முழிப்பார். அடிக்கடி வருவன இவை:

பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு முறை. டி.டி.எஸ். என்றால் நாளுக்கு மூன்று முறை. மானே என்றால் காலையில். நொக்டே என்றால் இரவில். ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன், பி.சி. என்றால் சாப்பாட்டுக்குப் பின். எஸ்.ஓ.எஸ். அல்லது பி.ஆர்.என். என்றால் தேவைப்பட்டால் மட்டும்.

"மானே" என்று வாசித்ததும் எங்கள் வகுப்பில் ஒரே சிரிப்பு. மட்டக்களப்பில் பிள்ளைகளை அன்பாக "மனே" என்றுதான் கூப்பிடுவோம். "டாக்டர் நம்மளப் பாசமாக் கூப்பிட்டு எழுதியிருக்கார்" என்றா ஒரு அக்கா. சிரித்துப் படித்தது மறக்காது.

அடுத்தது பின்னக் கணக்கு. 5/7 என்றால் 5 நாள், ஏனென்றால் கிழமைக்கு 7 நாள். 1/52 என்றால் ஒரு கிழமை, ஏனென்றால் வருடத்துக்கு 52 கிழமை. 2/12 என்றால் 2 மாதம். கீழே இருக்கும் இலக்கத்தைப் பார்த்தால் நாளா, கிழமையா, மாதமா என்று விளங்கும். இதைக் குளிசையின் எண்ணிக்கை என்று நினைத்துவிடக் கூடாது.

இவற்றை அறிவது நாமே வைத்தியம் பார்ப்பதற்கு அல்ல. துண்டில் எழுதியதும் பக்கெட்டில் எழுதியதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவும், சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்க் கேட்கவுமே.

தோட்டத்து நாளும் மருந்து நேரமும்

"எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை" என்றால் விடிய 6 மணி, பகல் 2 மணி, இரவு 10 மணி என்று வைக்கலாம். விடிய எடுப்பது பிரட்டுக்குப் போகுமுன் முடிந்துவிடும். இரவு எடுப்பது படுக்கப் போகும்போது. நடுவில் உள்ள 2 மணிக் குளிசைதான் தப்பிப்போகும், அந்த நேரம் நீங்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்பீர்கள். ஆகவே அதைக் காலையிலேயே சாப்பாட்டோடு எடுத்துவையுங்கள். அட்டையில் இருந்து வெட்டும்போது பெயரும் காலாவதித் திகதியும் உள்ள பக்கத்தை வெட்டி எறியாதீர்கள். "எக்ஸ்ப்" என்று இருப்பது காலாவதி, "எம்.எஃப்.ஜி." அல்லது "எம்.எஃப்.டி." என்று இருப்பது செய்த திகதி. இரண்டையும் மாற்றிப் படிக்க வேண்டாம்.

கர்ப்பிணித் தாய்மார் இதைக் கேளுங்கள். இரும்புச் சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. நாம் பறிக்கிற கொழுந்துதான், ஆனால் தேயிலைச் சாயம் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. தண்ணீரோடு எடுங்கள். தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் ஒரு மணித்தியாலமாவது, முடிந்தால் இரண்டு மணித்தியாலம், இடைவெளி விடுங்கள்.

பிள்ளைகளின் பாணி மருந்தில் "5 எம்.எல்." என்று இருந்தால் அது 5 மில்லிலீற்றர். வீட்டுக் கரண்டி ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மருந்தோடு வரும் அளவு மூடியிலோ அளவுக் கரண்டியிலோதான் அளக்க வேண்டும். ஜீவனிப் பக்கெட்டை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். கோப்பைக்குக் கொஞ்சமாகத் தூவிக் கரைப்பது பிழை.

ஒரு மருந்து, இரண்டு பெயர்

பனடோல் என்பது கம்பனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பரசிற்றமோல். காய்ச்சலுக்குப் பனடோலும், தடிமனுக்கு வேறு பெயரில் ஒரு குளிசையும் எடுத்தால், அதற்குள்ளும் பரசிற்றமோல் இருக்கலாம். வளர்ந்தவர் ஒருவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. கூடினால் ஈரல் பழுதாகும். ஆகவே அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் உள்மருந்தின் பெயரை வாசிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

இந்த உள்மருந்துப் பெயருக்காக நமது நாட்டில் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். கம்பனிப் பெயருக்குக் காசைக் கொட்டாமல், அதே மருந்து ஏழைக்கும் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்றார். நகரங்களில் நாம் காணும் ஒசுசல மருந்துக்கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவைதான். பெயரை வாசிக்கத் தெரிந்தால் உயிரும் தப்பும், காசும் மிஞ்சும்.

தமிழில் கேளுங்கள்

ஆங்கிலம் படியுங்கள் என்று சொல்லும் நாங்களே இதையும் சொல்கிறோம்: விளங்காவிட்டால் தமிழில் கேளுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்து மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். அறுவை வைத்தியத்தையே அந்தக் காலத்தில் தமிழில் சொல்ல முடிந்ததென்றால், "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்று ஒரு பக்கெட்டில் தமிழில் எழுத இன்று ஏலாதா? 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி.

மருந்து கொடுப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் பக்கெட்டை நீட்டி, "உதே, தவல், ரே" என்று சிங்களத்தில் கேட்டு, காலை, பகல், இரவுக்கு எத்தனை என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்களே பக்கெட்டில் படம் போடுங்கள்: காலைக்கு உதிக்கிற சூரியன், பகலுக்கு உச்சிச் சூரியன், இரவுக்குப் பிறை. படத்துக்குக் கீழே எத்தனை குளிசையோ அத்தனை புள்ளி.

மருந்தை வாங்கிக்கொண்டு படியிறங்குமுன் ஐந்து கேள்வி கேளுங்கள்:

1. இது யாருடைய மருந்து, என்ன நோய்க்கு?
2. ஒரு முறைக்கு எத்தனை?
3. நாளுக்கு எத்தனை முறை? நாளுக்கா, கிழமைக்கா?
4. சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?
5. எத்தனை நாளைக்கு?

பதிலைக் கேட்டதும் நீங்கள் விளங்கிக்கொண்டதை அவருக்கே திருப்பிச் சொல்லுங்கள். "வரிசை நிற்குது, அவருக்குக் கோபம் வரும்" என்று கூச்சப்பட்டு வந்துவிடாதீர்கள். நாங்களும் அப்படிக் கூச்சப்பட்டு வந்தவர்கள்தான்.

கடைசியாக ஒன்று. இன்றைக்கு லயத்துக்குப் போனதும் வீட்டில் உள்ள மருந்தை எல்லாம் பாயில் கொட்டுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததும் கை தட்டிவிட்டு எழும்பாதீர்கள். "சரி புள்ள, பாட்டிக்கு இன்றைக்கு உரியதை எண்ணி என் கையில் வை" என்று சொல்லுங்கள். எண்ணிக்கை சரியாக வந்தால் பிள்ளையின் ஆங்கிலமும் சரி, பாட்டியின் உயிரும் பத்திரம். பிழைத்தால், அடுத்த நாளே பக்கெட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கள்.

எங்கள் அம்மம்மா இப்போதும் கிழமைக்கு ஒரு நாள் அந்த மருந்தை எடுக்கிறா. வெள்ளிக்கிழமை என்று கலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறா. வட்டம் போட்டது அந்தப் பேத்திதான்.