வௌவால் ஒன்றா, பலவா?



மாலை மயங்கி, விளக்கேற்றும் நேரம். நீங்கள் இருப்பது தில்லியில் ஓர் அரசாங்கக் குடியிருப்பாயினும், மும்பையில் ஓர் அடுக்குமாடியாயினும், கொல்கத்தாவில் ஒரு பழைய வீடாயினும் இக்காட்சி மாறுவதில்லை. தெருவிளக்கைச் சுற்றியோ, முற்றத்து மரத்தின் அருகிலோ கருநிழல் போன்ற ஒரு சிற்றுயிர் விசுக்கென்று வளைந்து வளைந்து பறப்பதைக் கண்டிருப்பீர்கள். சில வேளைகளில் திறந்த சன்னல் வழியாக அது அறைக்குள்ளும் வந்துவிடும். குழந்தைகள் அலறுவார்கள், பெரியவர்கள் துடைப்பத்தைத் தேடுவார்கள். 'வௌவால் வந்துவிட்டது' என்பதற்கு மேல் அதைப் பற்றி நாம் எதுவும் சொல்வதில்லை.

அந்த ஒரு சொல் போதுமா என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் பொருள்.

இக்கேள்வி நமக்குத் தோன்றியது நாம் செய்த ஒரு தவற்றினால்தான். நமது தொழில் மொழிபெயர்ப்பு. சில ஆண்டுகளுக்கு முன்னர் வனவிலங்குகளைப் பற்றிய அறிக்கையொன்று தமிழாக்கத்திற்காக நம் மேசைக்கு வந்தது. அதில் ஓரிடத்தில், பூச்சிகளை உண்ணும் வௌவால்கள் மூன்றின் பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன. அகராதிகளைப் புரட்டினோம், பயனில்லை. வேலையோ அவசரம். மூன்று பெயர்களையும் ஒன்றாக்கி, 'சிறு வௌவால்' என்று எழுதி அனுப்பிவிட்டோம். வாக்கியமும் தடையின்றி ஓடிற்று. ஒரு வாரம் சென்று அத்தாள் திரும்பி வந்தது. சரிபார்த்த விலங்கியல் அறிஞர் ஓரத்தில் இவ்வாறு குறித்திருந்தார்: "உங்களிடம் மூன்று இனங்கள் வந்தன, ஒன்றுதான் திரும்பியிருக்கிறது. மற்ற இரண்டும் எங்கே?"

மொழிபெயர்ப்பில் சொற்கள் விடுபடுவது உண்டு. உயிரினங்கள் விடுபட்டது நமக்கு அதுவே முதல் தடவை. வெட்கத்துடன் அவற்றைத் தேடப் புறப்பட்டபோது நாம் அறிந்துகொண்டவற்றையே இங்கே சொல்கிறோம்.

முதலில் ஒரு செய்தி. நம் முன்னோர் இவ்வுயிர்களை ஒரே சொல்லில் அடக்கி அமைந்துவிடவில்லை. வாவல், வௌவால் என்பவற்றோடு, வௌவாலில் ஒரு வகைக்குத் 'துரிஞ்சில்' என்ற பெயரையும் தமிழ் அகராதிகள் தருகின்றன. கேரளத்தில் வாழும் நேயர்கள் சிறிய வௌவாலை 'நரிச்சீறு' என்று சொல்லக் கேட்டிருக்கலாம். வங்காளத்தில் பழந்தின்னும் பெரியது 'பாதுட்'. வீட்டுக்குள் புகும் சிறியது 'சாம்சிகா'. பெரியது வேறு, சிறியது வேறு என்பதைக் கண்ணுள்ள எவரும் கண்டிருக்கின்றனர். ஆனால் சிறியவற்றுக்குள்ளேயே எத்தனை வேறுபாடுகள் உள்ளன என்பதைக் காணக் கண் மட்டும் போதாது.

வௌவால் பறவையன்று; குட்டி ஈன்று பாலூட்டும் பிராணி என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதன் சிறகு உண்மையில் அதன் கைதான். நீண்ட விரல்களுக்கிடையே குடையின் கம்பிகளுக்கிடையே துணி இருப்பதைப் போல மெல்லிய தோல் விரிந்திருக்கிறது. உயிரினங்களை முறைப்படுத்திய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1758 இல் வெளியிட்ட தம் நூற்பதிப்பில், வௌவாலை மனிதனும் குரங்கும் அடங்கிய வரிசையிலேயே சேர்த்திருந்தார். பின்வந்தவர்கள் அதனைத் தனி வரிசையாகப் பிரித்தனர். இன்று உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் அறியப்பட்டுள்ளன. பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வௌவால்களே. நம் நாட்டில் மட்டும் சுமார் 130 இனங்கள் உண்டு. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பூச்சிகளை உண்டு வாழ்பவை.

நம் அறிக்கையில் இருந்த முதற்பெயர் கோரமண்டல் பிப்பிஸ்ட்ரெல் என்பது. பிப்பிஸ்ட்ரெல் என்ற சொல் இத்தாலிய மொழியில் வௌவாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அச்சொல்லோ, மாலைப் பொழுதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்து, வாய்வழக்கில் திரிந்தது. 'அந்தியில் வருவது' என்று நாம் பொருள் கொள்ளலாம். கோரமண்டல் என்னும் அடைமொழி நமக்கு அயலானதன்று. அது சோழமண்டலக் கரைதான். 1838 இல் கிரே என்ற ஆங்கிலேய அறிஞர் இவ்வினத்திற்குப் பெயரிட்டபோது, அவர் சான்றாகக் கொண்ட மாதிரி புதுச்சேரியில் கிடைத்தது. புதுச்சேரியின் பெயரால் விஞ்ஞான ஏட்டில் நுழைந்த இந்தச் சிற்றுயிர், இந்தியாவின் பல மாநிலங்களிலும் கூரையிடுக்குகளிலும் சுவர் வெடிப்புகளிலும் குடியிருக்கிறது.

இரண்டாவது பெயர் மிகச்சிறு பிப்பிஸ்ட்ரெல். 1840 இல் தெமிங்க் என்ற டச்சு அறிஞர், சுமத்ரா தீவிலிருந்து கிடைத்ததைக் கொண்டு இதற்குப் பெயரிட்டார். பின்னர் 1899 இல் குஜராத்தின் டாங்ஸ் காட்டுப் பகுதியில் கிடைத்த ஒன்றைத் தனி இனமென்று ராட்டன் என்பவர் அறிவித்தார். அது தனியினம் அன்று, சுமத்ரா இனத்தின் ஒரு கிளையே என்று பிற்கால அறிஞர் பலர் கொண்டனர். ஆகவே வகைப்பாடு என்பது பிரித்துக்கொண்டே போவது மட்டுமன்று. தவறாகப் பிரித்தவற்றை மீண்டும் சேர்ப்பதும் அதன் வேலைதான்.

இவ்விரண்டையும் ஒருவர் நம் உள்ளங்கையில் வைத்தால், எது எதுவென்று நம்மால் சொல்ல இயலாது. இரண்டும் பழுப்பு நிறம். இரண்டின் எடையும் சில கிராம்களே. ஒரு நாணயத்தின் எடையோடு ஒப்பிடத் தக்கவை. அறிஞர்கள் முதலில் அளப்பது முன்கையின் நீளத்தை. இவற்றில் அது ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். மிகச்சிறு பிப்பிஸ்ட்ரெலில் பெரியதும், கோரமண்டல் பிப்பிஸ்ட்ரெலில் சிறியதும் ஒரே அளவில் வந்து நிற்பதால், அளவுகோலும் கைவிட்டுவிடுகிறது. பிறகு காதின் உட்புறம் நிற்கும் சிறு மடலின் வடிவம், மேல்தாடைப் பற்களின் அமைப்பு, மண்டையோட்டின் நீளம் என்று பார்த்துக்கொண்டு போகிறார்கள். ஆண் வௌவாலின் இனவுறுப்பில் உள்ள மிக நுண்ணிய எலும்பு ஒன்றும் முக்கியமான சான்று. 1987 இல் ஹில், ஹாரிசன் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் இவ்வெலும்பின் வடிவத்தை ஆராய்ந்து, பிப்பிஸ்ட்ரெல் பேரினத்தில் அதுவரை அடங்கியிருந்த பல இனங்களை வேறு பேரினங்களுக்கு மாற்றினர்.

எலும்பும் பல்லும் காட்டாத வேறுபாட்டைக் குரல் காட்டியதும் உண்டு. வௌவால் இருளில் எப்படிப் பறக்கிறது என்று 1790களில் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி ஆராய்ந்தார். பார்வை இழந்தும் அது தடையின்றிப் பறந்தது. செவியை அடைத்தபோதோ தடுமாறிற்று. விடை கிடைக்க நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வௌவால் நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் வழியையும் இரையையும் அறிகிறது என்பதை 1938 முதல் நடத்திய சோதனைகளால் அமெரிக்க அறிஞர் கிரிஃபின் தம் துணைவர்களோடு நிலைநாட்டினார்.

இந்த ஒலியைப் பதிவு செய்யும் கருவிகள் வந்தபின் இங்கிலாந்தில் ஒரு வியப்பு நேர்ந்தது. அந்நாட்டு வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் பிப்பிஸ்ட்ரெல் ஒரே இனமென்றே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்பியிருந்தனர். ஆனால் அவற்றுள் ஒரு சாரார் விநாடிக்கு ஏறத்தாழ 45,000 அதிர்வுள்ள ஒலியையும், மற்றொரு சாரார் ஏறத்தாழ 55,000 அதிர்வுள்ள ஒலியையும் எழுப்புவது 1990களில் தெளிவாயிற்று. 1997 இல் வெளியான மரபணு ஆராய்ச்சியும் அவை இரு வேறு இனங்களே என்று உறுதி செய்தது. எந்தப் பெயர் எதற்கு உரியது என்ற சிக்கலைச் சர்வதேச விலங்கியல் பெயரிடல் ஆணைக்குழு 2003 இல் தீர்த்து வைத்தது. ஒரே ஊரில், ஒரே வானத்தில் பறந்தவற்றுள் இரு குலம் இருந்ததை மனிதர் அறிய இத்தனை காலம் ஆயிற்று.

இனி மூன்றாவது பெயருக்கு வருவோம். அது கோலார் இலைமூக்கு வௌவால். கோலார் என்றதும் தங்கச் சுரங்கமும், அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்த நம் தமிழ் மக்களும் நினைவுக்கு வரக்கூடும். சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது. ஆனால் அதே மாவட்டத்தில், ஹனுமனஹள்ளி என்னும் சிற்றூரின் பாறைக் குகையில், தங்கத்தினும் அரிய ஒன்று இருக்கிறது. மூக்கின்மேல் இலைபோன்ற தோல் மடிப்புடைய சின்னஞ்சிறு வௌவால் அது. 1994 இல் கோக், பட் என்ற இரு அறிஞர்கள் அதைத் தனி இனமென்று பெயரிட்டு அறிவித்தனர்.

இங்கே நம் தவற்றின் அளவு நமக்கே விளங்கிற்று. பழந்தின்னிகள் ஒரு பிரிவு, பூச்சியுண்ணிகள் மற்றொரு பிரிவு என்றே முன்னர் வௌவால்களைப் பிரித்து வந்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபணு ஆராய்ச்சி அப்பிரிவினையை மாற்றிவிட்டது. இலைமூக்கு வௌவால்கள் பூச்சிகளை உண்டாலும், உறவுமுறையில் பிப்பிஸ்ட்ரெல்லைவிடப் பழந்தின்னி வௌவால்களுக்கே நெருங்கியவை. சிறிய உருவமும் பூச்சி உணவும் ஒத்திருந்தமையால், தூரத்து உறவினரையெல்லாம் நாம் ஒரே வீட்டில் குடிவைத்துவிட்டோம்.

பெயரில் என்ன இருக்கிறது, பூச்சியைத் தின்று போகட்டுமே என்று கேட்கலாம். பெயர் தவறினால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. அது பழந்தின்னி வௌவாலைப் பற்றியது. 1948 இல் இன்றைய தேனி மாவட்டத்து மேகமலைப் பகுதியில் பிடிபட்ட வௌவால் ஒன்று, எங்கும் காணப்படும் சாதாரண இனமென்று குறிக்கப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரத்தில் வைக்கப்பட்டது. 1972 இல் தாய்லாந்து அறிஞர் தொங்லோங்யா அதை ஆராய்ந்து, உலகம் அதுவரை அறியாத புதிய பேரினம் என்று கண்டு, பறவையியலறிஞர் சலீம் அலியின் பெயரை அதற்கு இட்டார். 24 ஆண்டுகள் அது தவறான சீட்டின்கீழ் உறங்கிக்கிடந்தது. அதற்குள் அதன் காடு அழிந்திருந்தால், இழந்தது என்னவென்றுகூட யாருக்கும் தெரிந்திராது.

கோலாரில் நடந்தது இதன் மறுபுறம். அவ்வூரைச் சுற்றிய குன்றுகள் கருங்கல்லுக்காக உடைக்கப்பட்டு வந்தன. 'குகையில் ஏதோ வௌவால்கள்' என்று மட்டும் சொல்லியிருந்தால் உளியும் வெடியும் நின்றிருக்குமா? இவ்வுலகில் வேறெங்கும் காணப்படாத ஓர் இனம், எஞ்சியிருப்பவை மிகச் சிலவே என்று சொல்ல முடிந்ததனால்தான், கல்லுடைப்பை நிறுத்தவும் குகையைக் காக்கவும் முயற்சிகள் எழுந்தன. 2016 இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. பட்டியலில் இடம்பெற வேண்டுமாயின் பெயர் வேண்டும். பெயர் பெற வேண்டுமாயின், பல்லையும் எலும்பையும் குரலையும் பொறுமையோடு பார்த்து, 'இது வேறு' என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை உங்கள் அறைக்குள் ஒரு வௌவால் வந்தால் துடைப்பத்தை எடுக்க வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள், விளக்கை அணைத்துச் சன்னல்களைத் திறந்துவிட்டு, அறையின் உட்கதவைச் சாத்துங்கள். சிறிது நேரத்தில் வந்த வழியே அது சென்றுவிடும். தரையில் விழுந்து கிடந்தாலும் வெறுங்கையால் தொடலாகாது. அச்சத்தினால் அது கடிக்கக்கூடும். கடித்தால் வெறிநோய் பரவ இடமுண்டு. கடிபட்டால் உடனே சோப்பிட்டு நன்றாகக் கழுவி, தாமதமின்றி மருத்துவரை நாடுங்கள். அது வெளியே பறந்தபின் ஒரு கணம் சன்னலருகே நின்று பாருங்கள். வீட்டைச் சுற்றியுள்ள கொசுக்களையும் சிறு வண்டுகளையும் இரவு முழுவதும் தேடித் தின்னும் அந்த உயிர், சோழமண்டலக் கரையில் பெயர் பெற்ற இனத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, அதுவும் ஒருவகையில் ஊரார்தானே!

நம் அறிக்கையைத் திருத்தி அனுப்பினோம். 'கோரமண்டல் குறுவௌவால், மிகச்சிறு குறுவௌவால், கோலார் இலைமூக்கு வௌவால்' என்று மூன்று பெயர்களையும் முழுமையாக எழுதினோம். வாக்கியம் சற்று நீண்டது. முன்பிருந்த ஓட்டமும் இல்லை. ஆனால் இம்முறை மூன்றும் அதில் இருந்தன.