தாய்ப்பலகையை மாற்றுவதா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நமது காரியாலயக் கணினிக்குப் புதிய மதர்போட், அதாவது தாய்ப்பலகை, வாங்கிப் போடுவதா என்பதே இன்று நம்முன் உள்ள வினா. சிறு விடயமென்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் செலவாகப்போவது அங்கத்தவர்களின் சந்தாப் பணம். இயந்திரத்தினுள் இருப்பனவோ நமது ஆண்டு மலர்களும், திருவிழாப் படங்களும், கணக்குகளும். வினையின் வலியையும் நம் வலியையும் சீர்தூக்கியே இறங்கவேண்டுமென்பது வள்ளுவர் காட்டிய நெறியன்றோ?

இவ்வினா எழுந்த காரணத்தைக் கூறுவோம். விண்டோஸ் 10 க்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 க்கோ இன்டெல் செயலியாயின் எட்டாந் தலைமுறையேனும், ரீபிஎம் 2.0 என்னும் காப்பு அமைப்பும் வேண்டும். நம்முடையது நான்காந் தலைமுறை. 2013 இல் சந்தைக்கு வந்த இனம்.

பலகையை மட்டும் மாற்றுவோமென்பது சொல்லளவிலேதான் எளிது. பழைய செயலி புதிய பலகையின் குழியிற் பொருந்தாது. டிடிஆர் 3 நினைவகம் டிடிஆர் 4, டிடிஆர் 5 இடங்களிற் சேராது. 2025 இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலையும் உலகெங்கும் ஏறிற்று. கணினியுடன் கூடிவந்த விண்டோஸ் உரிமம் பழைய பலகையோடு பிணைந்தது. பத்தாண்டு கடந்த மின்வழங்கியை நம்புதற்கில்லை. ஈற்றில் எஞ்சுவன பெட்டியும் திரையும் விசைப்பலகையுமே. கதவுநிலை மாற்றப் புகுந்து வீட்டையே பிரித்தவன் கதையாகும்.

ஆகவே நோயை முதலில் அறிவோம். இயந்திரம் மந்தமாயின், பெரும்பாலும் குற்றம் சுழலும் வன்தட்டிலே; எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால் வேகம் கூடும். நேரமும் திகதியும் தவறினால் 3 வோல்ற் பொத்தான் மின்கலத்தை மாற்றினாற் போதும். பலகையிலுள்ள கொள்ளளவிகள் வீங்கி, இயந்திரம் எழும்பாதாயின், அதே குழியுடைய பழைய பலகையொன்றைத் தேடலாம். 1990 இன் பின் மின்சாரமற்ற ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மண் இது. உள்ளதைக் கொண்டு நடத்துதல் நமக்குப் புதிதன்று.

பாதுகாப்பு என்செய்வது எனக் கேட்பீர்கள். லினக்ஸ் இப்பழைய இயந்திரத்திலும் ஓடும், இலவசமாகக் கிடைக்கும். ஒரு தடையுண்டு. நமது பழைய மலர்கள் பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கரில் அமைந்தவை. எழுத்துரு இல்லாவிடத்துத் தமிழ் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாய்த் தோன்றும். பழைய இயந்திரம் இயங்கும்போதே அவை யாவற்றையும் பிடிஎவ் ஆக மாற்றிவிடவேண்டும்.

கோயிற் திருப்பணிக்கு முன் பாலஸ்தாபனம் செய்வதை நாம் அறிவோம். மூர்த்தியின் சாந்நித்தியத்தைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்தபின்னரே மூலஸ்தானத்தில் உளி படும். கணினிக்கும் அம்முறையே தகும். கோப்புகளை இரு தட்டுகளிற் பிரதிசெய்து, ஒன்றைக் காரியாலயத்துக்கு வெளியே வைப்போம். மலர்களின் பிரதியை 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவிற் பேணிவரும் நூலகம் தளத்துக்கும் அளிப்போம். 1981 இல் நமது பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாதவை மீளவேயில்லை.

ஆதலின் நாம் முன்வைப்பது இது: முதலிற் பிரதி, பின் எஸ்எஸ்டியும் லினக்ஸும். தாய்ப்பலகைக்கு இப்போது பணம் வேண்டா. பிள்ளைகளுக்குக் காணொளித் தொகுப்பு வகுப்புத் தொடங்கும் நாள் வருமாயின், பலகையை மட்டுமன்றி முழு இயந்திரத்தையுமே வாங்குவோம். இவ்வேலையைப் பொறுப்பேற்க இளைஞர் இருவர் இன்றே முன்வரவேண்டும். கோப்புகளிலுள்ள படங்களில் நிற்பவர்களின் பெயர்களைப் பெரியோர் சொல்லித் தரவேண்டும். அப்பெயர்களை எந்தக் கடையிலும் வாங்கமுடியாது.