1856: ஒரு வருஷத்தின் வரவு செலவு

(அம்பத்தூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது 1856 என்கிற ஒரே ஒரு வருஷத்தைப் பற்றியாகும். பஞ்சாங்கக்காரரைக் கேட்டால் அது நள வருஷம் என்பார். எந்த நள வருஷம் என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார். ஏனென்றால் 1916-ம் நள வருஷந்தான், 1976-ம் நள வருஷந்தான். அறுபதுக்கொரு முறை திரும்பி வருகிற பெயரை வைத்துக்கொண்டு பாட்டன் பட்ட பாட்டை எப்படிக் கணக்குப் பார்ப்பது? ஆகையால் எண்ணைக் கொண்டே பேசுகிறேன்.

அவ்வருஷம் ஜூன் 28-ந் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரையில் சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்துக்கு ரயில் ஓடிற்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். அந்தத் தண்டவாளம் நம் அம்பத்தூர், ஆவடி மண்மேல்தான் போயிற்று. பூந்தமல்லிக்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை, அவர்களுக்கு மாட்டுவண்டிதான். வெள்ளைக்காரன் நம்மேல் கொண்ட கருணையினால் ரயில் போட்டான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பட்டாளத்தைச் சீக்கிரம் அனுப்பவும், பஞ்சு மூட்டையைத் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் ரயில் வேண்டுமென்று டல்ஹவுசி பிரபு 1853-லேயே எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் வண்டிக்கு மனுதர்மம் தெரியாதல்லவா? காசு கொடுத்தவனுக்கு டிக்கட். டிக்கட் உள்ளவனுக்குப் பலகை. தெருவில் எட்டி நிற்க வேண்டியவன் பெட்டிக்குள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தான். அன்றோடு ஜாதி செத்ததா? இல்லை. வண்டியைவிட்டு இறங்கி ஸ்டேஷன் சாப்பாட்டுச் சாலைக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அங்கே பார்ப்பனருக்குத் தனியிடம், மற்றவருக்குத் தனியிடம் என்று இருந்ததை ஒழிக்க 1941 வரையில் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. எண்பத்தைந்து வருஷம், தோழர்களே! ரயில் அவ்வளவு வேகமாகப் போயிற்று. நம் புத்தி அவ்வளவு மெதுவாகப் போயிற்று.

அதே ஜூலை மாதத்தில்தான் கல்கத்தாவில் விதவை மறுமணச் சட்டம், அதாவது 1856-ம் வருஷத்து 15-வது சட்டம், நிறைவேறிற்று. ஈசுவர சந்திர வித்தியாசாகர் கொடுத்த மனுவில் ஆயிரம் கையெழுத்துக்கூட இல்லை. கூடாதென்று ராதாகாந்த தேவ் கூட்டத்தார் கொடுத்த மனுவிலோ முப்பதாயிரத்துக்கு மேல்! ஓட்டு எண்ணியிருந்தால் சட்டம் வந்திராது. ஜனங்களில் பெரும்பாலோர் ஒப்பவில்லை, ஆகையால் சீர்திருத்தம் கூடாது என்று இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் இந்த இரண்டு மனுக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அம்மாதத்தில் பிறந்த இருவரையும் சொல்லிவிடுகிறேன். 23-ந் தேதி இங்கே திலகர்; 26-ந் தேதி அயர்லாந்தில் பெர்னாட்ஷா. கலியாணமென்னும் ஏற்பாட்டையே ஷா நாடகத்தில் கேலி செய்தார். பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்க 1891-ல் சட்டம் வந்தபோது, அரசாங்கம் தலையிடக்கூடாதென்று எதிர்த்தவர் திலகர். அதனால் அவர் சிறை சென்ற தியாகம் பொய்யாகிவிடாது. தேசபக்தி ஒருபக்கம், பெண் விடுதலை இன்னொரு பக்கம் என்பதற்காகச் சொல்லுகிறேன்.

ஆகஸ்டில் ஜெர்மனியில் நியாண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் வெட்டினவர்கள் கையில் சில எலும்புகள் அகப்பட்டன. கரடியின் எலும்பென்று எண்ணினார்கள். பூல்ராட் என்கிற பள்ளிக்கூட உபாத்தியாயர் பார்த்து, இது பழங்கால மனிதனுடையது என்றார். டார்வின் புத்தகம் வெளிவர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. பிரம்மாவின் முகத்திலும் தோளிலும் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களுக்கு அந்தச் செய்தி எட்டவேயில்லை.

நமக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது லண்டனில் அவ்வருஷம் அச்சான ஒரு புத்தகம். திருநெல்வேலி ஜில்லா இடையன்குடியிலிருந்த பாதிரியார் கால்டுவெல் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணந்தான் அது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலியவை ஒரு குடும்பம், சமஸ்கிருதத்தின் வயிற்றில் பிறந்தவையல்ல என்று சொல்லுக்குச் சொல் காட்டினார். எல்லிஸ் துரை 1816-லேயே இதற்கு வழிகாட்டியவர் என்பதையும் மறக்கக்கூடாது. இந்தக் கால்டுவெல்தான் 1849-ல் சாணார் என்று நாடார்களைப் பற்றி அவர்கள் மனம் புண்படும்படியாக எழுதியவர். புத்தகத்துக்கு நன்றி சொல்லுவோம். அதற்காக ஆளைக் கும்பிட வேண்டியதில்லை.

டிசம்பர் 7-ந் தேதி கல்கத்தாவில் புதிய சட்டப்படி முதல் கலியாணம் நடந்தது. சிறு வயதிலேயே தாலியறுத்த காளிமதி என்னும் பெண்ணை ஸ்ரீசந்திர வித்தியாரத்தினர் மணந்தார். வித்தியாசாகர் ஊருக்கு உபதேசம் செய்து நின்றவரல்ல. 1870-ல் தன் மகனுக்கும் ஒரு விதவையையே மணம் செய்வித்தார். நம் சென்னை மாகாணத்திலோ ராஜமகேந்திரபுரத்தில் வீரேசலிங்கம் பந்துலு 1881-ல் முதல் விதவை மணத்தை நடத்தும் வரையில் சட்டம் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தின் இரண்டாவது பிரிவை யாரும் மேடையில் சொல்லுவதில்லை. மறுமணம் செய்துகொண்ட விதவைக்குச் செத்த புருஷனின் சொத்தில் பாத்தியதை கிடையாது; அவளும் செத்துப்போனாற்போலவே பாவிக்க வேண்டுமாம்! ஒரு கையால் தாலியைக் கொடுத்து மறு கையால் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். காணி நிலம் போய்விடுமே, குழந்தை என்ன தின்னும் என்று அஞ்சி வெள்ளைப் புடவையோடே காலந்தள்ளியவர்களைக் கற்புக்கரசிகள் என்று நாம் புகழ்ந்தோம். சொத்தில் விதவைக்கு முழு உரிமை என்று வாரிசுச் சட்டம் வந்தது சரியாக நூறு வருஷம் கழித்து, 1956-ல். அந்தப் பழைய சட்டத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது 1983-ல்.

கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் எழுதிக் கொடுக்கலாம். தாய்மார்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளுகிறேன்.