கோழிச் சீக்குக்கு ஊரே சேரணும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். பெரிய பேச்சாளி இல்லை. நம்ம எல்லார் வாசலிலும் மேயுற கோழியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுகிறேன்.

பொம்பளைங்க கையில் இருக்கும் சில்லறை கோழிதான். பிள்ளைக்கு நோட்டு வாங்கணுமா, குழுவுக்குச் சந்தா கட்டணுமா, ஒரு சேவலைப் பிடித்து விற்றால் ஆச்சு. அந்தக் கோழிக்குச் சீக்கு வந்தால் நம்ம கையே முடங்கிப் போகுது.

போன பங்குனியில் எங்கள் தெருவில் ஒரு அக்காவின் கோழிகள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, ஒரே வாரத்தில் பதினாலு செத்தது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டில் கழிச்சல் அவ்வளவாக இல்லை. கழுத்து முறுக்கிக்கொண்டு, கால் இழுத்து, சுற்றிச் சுற்றி விழுந்தது. இது வேற, அது வேற என்றார்கள். ஒருத்தர் விஷம் வைத்தாள் என்றார், இன்னொருத்தர் செய்வினை என்றார். ஒரே குழுவில் இருக்கிற இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

செத்த கோழியைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அறுத்துப் பார்த்தார். இரைப்பைக்கு முன்னால் இருக்கும் பையில் சிவப்புச் சிவப்பாக ரத்தப் புள்ளி. "விஷமும் இல்லை, செய்வினையும் இல்லைம்மா. இரண்டு வீட்டுக்கும் வந்தது ஒரே வெள்ளைக்கழிச்சல்" என்றார்.

இதற்கு ராணிக்கெட் நோய் என்றும் பேர். வடக்கே இமயமலைப் பக்கம் ராணிக்கெட் என்ற ஊரில் 1927-இல் கண்டதால் அந்தப் பேர். வெளிநாட்டில் நியூகாசில் நோய் என்பார்கள். காரணம் ஒரு வைரஸ். எச்சம், சளி, தண்ணீர்த் தொட்டி, நம்ம செருப்பு, சந்தையில் வாங்கி வந்த கோழி, இவற்றோடு வந்து வாய், மூக்கு, கண் வழியாக உள்ளே போகுது. மூச்சுக்குழாயிலும் குடலிலும் பெருகுது. குடல் புண்ணானால் கழிச்சல். வீரியமான கிருமி ரத்தத்தில் கலந்து மூளைக்கும் நரம்புக்கும் ஏறினால் கழுத்துத் திருகல், வாதம். ஒரு கோழிக்கு வயிற்றில் காட்டும், இன்னொன்றுக்குக் கழுத்தில் காட்டும். கிருமி ஒன்றுதான்.

வந்த பிறகு இதைக் குணமாக்க மருந்து கிடையாது. மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுக்கிறோம், கடை மாத்திரையும் கரைத்து ஊற்றுகிறோம். அந்த மாத்திரை பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸைக் கொல்லாது. வருமுன் போடும் தடுப்பு மருந்துதான் காப்பாற்றும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் தோலுக்குள் அரை மில்லி ஊசி. சீக்கு வந்த கோழிக்குப் போடக்கூடாது.

இங்கேதான் குழு வேணும். மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிக்கு வருது. ஐஸில் வைத்துக் கொண்டுவரணும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கணும். ஆறு கோழி வைத்திருப்பவள் தனியாக வாங்கினால் மீதி வீண். பத்து வீடு சேர்ந்தால் ஒரு சொட்டும் வீணாகாது. ஒரு வீடு விட்டுப்போனால் சீக்கு அங்கே வந்து தங்கும். நம்ம கோழிக்கு வேலி தெரியாது.

எங்கள் குழு இப்போது கோழிக் கணக்குக்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறது. வீடு வாரியாகக் குஞ்சு பொரித்த தேதி எழுதி, ஒரே நாள் காலை வெயிலுக்கு முன்னால் எல்லாருக்கும் போடுகிறோம். பிப்ரவரி மாதம் அரசு நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கும் தெருவோடு போகிறோம். பேச்சை நிறுத்திய அந்த இரண்டு பேரில் ஒருத்தர் கோழியைப் பிடிக்கிறார், இன்னொருத்தர் நோட்டில் எழுதுகிறார்.

சகோதரிகளே, மூன்றே வேண்டுகோள். செத்த கோழியை ஓடையில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். சீக்குக் கோழியை அவசரமாகச் சந்தையில் தள்ளாதீர்கள், அது இன்னொரு பொம்பளையின் வாசலுக்குத்தான் போகும். புதுக் கோழி வாங்கினால் இரண்டு வாரம் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.