தும்பரப் பள்ளத்தாக்கில் ஒரு பந்தாட்டம்



கண்டியிலிருந்து கிழக்கே திகனவைக் கடந்து தெல்தெனியவை நோக்கிப் பிரயாணம் செய்வோர், 1985-ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணை மகாவலி ஆற்றை மறித்துத் தேக்கிய அகன்ற நீர்ப்பரப்பைக் கண்டிருப்பார்கள். பழைய தெல்தெனியப் பட்டணம் அந்த நீரின் அடியிலேதான் கிடக்கிறது. மழை பொய்த்து நீர் வற்றும் வருஷங்களில் அதன் இடிபாடுகள் வெளியே தெரிவதும் உண்டு. அதே நீர்த்தேக்கத்தின் கரையில், ரஜவெல்லவில், தென்னைகளின் நடுவே, டொனால்ட் ஸ்டீல் என்னும் ஆங்கிலேயர் வகுத்த பதினெட்டுக் குழிகள் கொண்ட கோல்ப் மைதானம் ஒன்று 1999-இல் உருவாயிற்று. அந்த மைதானத்தை முன்னிட்டு, பெண்களும் கோல்ப் ஆட்டமும் என்னும் விஷயத்தைப் பற்றி இன்று சிறிது பேசலாமென்று நினைக்கிறேன்.

சீமான்களின் பொழுதுபோக்கு என்று இவ்வாட்டத்தை ஒதுக்கிவிடுவோர் அநேகர். அப்படி ஒதுக்குவதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் பணத்தின் வேலிக்கு உள்ளே இன்னொரு வேலியும் நெடுங்காலம் இருந்தது. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரத்துப் பெண்கள் 1867-இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டபோது, அவர்களுக்குக் கிடைத்தது முழு மைதானமன்று. பந்தை மெதுவாகத் தட்டிக் குழியில் விடுவதற்கு மட்டும் உதவும் மேடும் பள்ளமுமான ஒரு புல்திடல்தான். 1890-இல் வெளிவந்த ஒரு கோல்ப் நூலிலே வெல்வுட் பிரபு என்பவர், பெண்கள் பந்தை எழுபது எண்பது கெஜ தூரத்துக்கு அப்பால் அடிக்கலாகாது என்று கருத்துரைத்தார். அவர்களுக்குப் பலம் போதாது என்பதல்ல அவர் சொன்ன காரணம். அதற்கு மேல் அடிப்பதானால் மட்டையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டும், அது அவர்களுடைய உடைக்கும் நாகரிகத்துக்கும் பொருந்தாது என்பதே. பலத்தைப் பற்றிய வாதமாவது மைதானத்திலே பரீட்சிக்கப்படக்கூடியது. நாகரிகத்தைப் பற்றிய வாதத்தை எந்த மட்டையால் அடித்து விலக்குவது?

அப்பெண்கள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1893-இல் பெண்கள் கோல்ப் ஒன்றியத்தை ஸ்தாபித்தார்கள். அவ்வருஷமே நடந்த முதற் போட்டியிலும் அடுத்த இரு வருஷங்களிலும் லேடி மார்கரெட் ஸ்கொட் வாகை சூடினார். எனினும் என் மதிப்பில் அவரினும் பெரிய காரியம் செய்தவர், ஒன்றியத்தின் காரியதரிசியாக இருந்த இசெட் பியர்சன் என்பவர். ஆடுபவர் ஒவ்வொருவரின் திறமையையும் ஓர் எண்ணால் அளந்து, வல்லவரோடு எளியவர் மோதும்போது எளியவருக்கு அவ்வெண்களின் வித்தியாசத்துக்கு ஏற்ற அடிகளைச் சலுகையாகக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. அதனை 'ஹண்டிகப்' என்பார்கள். ஆண்களிடையே அந்தக் கணக்கு சங்கத்துக்குச் சங்கம் வேறுபட்டுக் குழம்பிக் கிடந்த காலத்திலேயே, தேசம் முழுவதற்கும் ஒரே ஒழுங்கான கணக்கை அவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு ஒரு பாட்டியும் பேரனும் ஒரே போட்டியில் மனத்தாங்கல் இல்லாமல் ஆட முடிகிறதென்றால், அதிலே அந்த அம்மையாருக்கும் பங்குண்டு.

வேலியோ எளிதில் விழவில்லை. சென் அன்ட்ரூஸின் பிரசித்தமான ஆண்கள் சங்கம் பெண்களை அங்கத்தினராக ஏற்கச் சம்மதித்தது 2014-இல்தான். ஜப்பானிலே ஒலிம்பிக் கோல்ப் நடந்த கசுமிகசெகி மைதானத்தின் கதையும் அதுவே: முழு அங்கத்துவம் பெண்களுக்கும் உண்டு என்று அதன் சங்கத்தார் தீர்மானித்தது 2017-ஆம் ஆண்டில், அதுவும் ஒலிம்பிக் அதிகாரிகள் நெருக்கிய பிறகு. நான்கு வருஷங்கள் கழித்து அதே புல்லின் மீது, உலக வரிசையில் இருநூறாவது இடத்தில் நின்ற பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், தம் தாயாரே மட்டைப் பையைச் சுமந்து கூடவர, கடைசி நாள் வரையில் பதக்க ஸ்தானத்தை விடாமல் பற்றி நின்று, முடிவில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் அதனை இழந்து நான்காவதாக வந்தார். கோல்ப் என்றால் என்னவென்றே அறியாத எத்தனையோ இந்தியக் குடும்பங்கள் அன்று விடியற்காலையில் விழித்திருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தன.

இனி நம் தும்பரப் பள்ளத்தாக்குக்கு வருவோம். விதிப்படி பெண்ணுக்கு மூடிய கதவு எதுவும் இங்கே இல்லை. கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் பெண்மணிகள் தும்பர மலைகளைப் பார்த்தபடி சாவதானமாக ஆடிச் செல்கிறார்கள். ஆனால் தெல்தெனியவிலும் திகனவிலும் அயலிலுள்ள தோட்டங்களிலும் வளரும் சிறுமிகளுக்கு நேரே நிற்பது முதலிலே சொன்ன வேலி, பணத்தின் வேலி. அதனைத் தாண்ட முதல் வருஷத்திலே பதினெட்டுக் குழிகளும் வேண்டியதில்லை, பை நிறைய மட்டைகளும் வேண்டியதில்லை. பழைய ஏழாம் எண் மட்டைகள் சில, ஒரு கூடை பந்துகள், சொல்லிக்கொடுக்க ஒருவர், வாரத்தில் ஒரு மாலைப்பொழுது, பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து அழைத்துச் சென்று வீட்டில் விட ஒரு வான், இவ்வளவுதான் செலவு. வானுக்கு ஆகும் பணத்தைத் தருவதற்குக் கண்டியிலே வர்த்தகர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்குப் பாடசாலை அதிபர்கள்தாம் முன்வர வேண்டும்.